யானை சிரிக்கவில்லை

பனியன் கம்பெனியில் பேசிக்கொண்டே வேலை செய்ய வாய்த்தவர்கள் செக்கிங் டேபிள்காரர்கள் மட்டும்தான். தையல் மெஷினில் இருப்பவர்கள் பேசினால் அது அவர்கள் காதுக்கே எட்டாது. கட்டிங் மாஸ்டருக்குப் பேச்சுக் கொடுத்தால் துணி கோணிக்கொள்ளும். அயர்ன் போடுபவர்களுக்கு வியர்வையைத் துடைக்கவே பொழுது சரியாக இருக்கும். செக்கிங் டேபிளில்தான் கண்ணும் கையும் கம்பெனிக்கு, வாய் அவரவர் சொந்தச் சொத்து. நாகஜோதி தன் சொத்தைப் பல வருடங்களாக ஒரு யானைக்குக் குடியிருக்க விட்டிருந்தாள்.

வருசநாட்டு மலையடிவாரத்தில் இலவ மரங்களுக்கு நடுவே பிறந்தவள் அவள். கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்து, இடையில் நாற்பதையும் தாண்டிவிட்டாள். "பஞ்சுக்குள்ள பொறந்து பஞ்சுக்குள்ளயே வந்து விழுந்தேன், அது தலகாணிக்கு, இது பனியனுக்கு" என்று தன் வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவாள். யானைக்கு மட்டும் அந்தச் சிக்கனம் கிடையாது. எட்டு வயதில், பெற்றவர்கள் சந்தைக்குப் போயிருந்த நாளில், காட்டுக் குடிசையான சாளையில் தன்னந்தனியாகக் காவல் இருந்தவளைத் தேடி யானை வந்த கதையை அவள் கேட்டவர்களுக்கும் சொன்னாள், கேட்காதவர்களுக்கும் சொன்னாள். ஒரு வாரம் அதற்குக் கொம்பு இருக்கும். மறு வாரம் அது மொட்டை யானையாகிவிடும். தீபாவளிக்கு முன் வேலை நெருக்கும்போது குட்டியையும் கூட்டிக்கொண்டு வரும்.

விசித்திரம் என்னவென்றால், இவ்வளவு தாராளமாகக் கதை சொன்னவள் துணியில் ஒரு பிசிறைக்கூட மன்னிக்க மாட்டாள். செக்கிங் டேபிளுக்கு வரும் பீஸை விரித்து, திருப்பி, தோளையும் கழுத்தையும் இழுத்துப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, கழித்த கூடையில் போட வேண்டும். குறை இல்லாதது தேறிய கூடைக்குப் போகும். அவள் ஒட்டிய அம்பைக் கேள்வி கேட்டவர் அந்தத் தளத்தில் யாரும் இல்லை. அவள் யானையைக் கேள்வி கேட்டவர்கள் உண்டு. அவர்களோடு அவள் வாரக்கணக்கில் பேச மாட்டாள்.

தள மேனேஜர் செந்தில்வேல் இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. கதை நடக்கிற டேபிளில் பாத்ரூமுக்குப் போகிறவர்கள் குறைவு என்பதை அவர் கவனித்திருந்தார். இலக்கியத்துக்கு இதைவிட உருப்படியான ஆதரவு இந்த ஊரில் யாரும் தந்ததில்லை.

அந்த டேபிளுக்கு அன்புசெல்வி என்ற பெண் புதிதாக வந்து சேர்ந்தாள். தெற்கத்திப் பெண். கம்பெனி ஹாஸ்டலில் கொண்டுவந்து விட்ட அம்மா, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் போய்விட்டாள். சொன்னால் பிள்ளை அழுவாளாம். பிள்ளை அழத்தான் செய்தாள், குனிந்து பீஸ் பார்த்தபடி. வெள்ளைத் துணியில் கண்ணீர் பட்ட இடத்தில் கண்மை கரைந்து கறையானது. செந்தில்வேல் வந்து, பாப்பாவைக் கொஞ்சம் தள்ளி நின்று அழச் சொல்லுங்க என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அன்று நாகஜோதி யானையை வரவழைத்தாள். துதிக்கையைச் சாளைக்குள் விட்டு அவளை மோந்து பார்த்த யானை, அந்த ஒரு நாள் மட்டும், அவளைப் பார்த்துச் சிரித்தது. அன்புசெல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, யானைக்குப் பல் தெரியுமா என்று கேட்டாள். தெரியாமலா, என்றாள் நாகஜோதி. சாயங்காலத்துக்குள் அழுகை நின்றது, பீஸ்களும் காய்ந்தன. அந்தச் சிரிப்புக்கு அவள் வைத்திருந்த உபயோகம் அவ்வளவுதான். மறுநாள் யானை வழக்கம்போல முகத்தை வைத்துக்கொண்டு வந்தது.

அதற்குச் சில வாரம் முன்புதான் முதலாளி ஆத்தப்பனின் மகள் கீர்த்தனாவுக்குக் காடு பிடித்துப்போனது.

ஆத்தப்பன் குண்டடம் பக்கத்து விவசாயக் குடும்பம். அங்கே அவர்கள் பார்த்த வனவிலங்கு என்று சொன்னால், நிலக்கடலையைக் கிளறுகிற மயில்தான். கீர்த்தனா வெளியூரில் டிசைன் படித்துவிட்டு வந்தவள், நல்ல பெண். அவளைப் பற்றிக் கோபமாக எழுத உட்காருகிற யாருக்கும் இது பெரிய இடைஞ்சல். தளத்தில் எல்லோரையும் அக்கா, அண்ணா என்பாள். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டி, முதல் துண்டை வாட்ச்மேனுக்குத் தருவாள். அவள் ஒரு மலை ரிசார்ட்டில் நடந்த கதை எழுதும் முகாமுக்குப் போய் வந்தாள். இயற்கையோடு நமக்குள்ள அனுபவத்தை எழுதுவது எப்படி என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்களாம். ஆளுக்கு ஒரு மரத்தைக் காட்டி, தனியாகப் போய் உட்கார்ந்து மரம் பேசுவதைக் கேளுங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். அவளுக்கு வாய்த்த மரத்தில் செவ்வெறும்பு இருந்தது. அது பேசியதை அச்சில் போட முடியாது.

ஆனாலும் முகாமிலிருந்து அவள் ஒரு யோசனையோடு இறங்கி வந்தாள். குழந்தைகளுக்குத் தமிழில் காட்டுக் கதை அச்சடித்த டீ சர்ட். கழுத்தில் தொங்கும் அட்டையில் கதை சொன்னவரின் பெயர். யோசனை இருந்தது, துணி இருந்தது, அச்சடிக்க ஆள் இருந்தார். அனுபவம் ஒன்றுதான் இல்லை. அதையும் வெளியே வாங்க வேண்டியதில்லை, கீழ்த்தளத்திலேயே இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

அவள் செக்கிங் டேபிளுக்கு வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அக்கா, உங்க யானையப் பத்திச் சொல்லுங்க்கா" என்றாள். நாகஜோதிக்குப் பெருமை தாங்கவில்லை. மேல்மாடி ஆபீஸிலிருந்து ஒருத்தி இறங்கி வந்து யானையைக் கேட்கிறாள். அதற்குப் பிறகு அடிக்கடி வந்தாள். வரும்போதெல்லாம், அன்புசெல்வி அழுத அன்றும், போனைத் துணிக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். தளத்துக்குள் போன் கொண்டுவரக் கூடாது என்பது வேலைக்காரர்களுக்கான சட்டம். முதலாளி மகளின் போன் மேஜைமேல் கிடப்பதில் நாகஜோதிக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பெரிய இடத்துப் பெண், எங்கிருந்தோ முக்கியமான அழைப்பு வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். தான் சொல்வதை அந்தப் பெண் கேட்கிறாள் என்றே நம்பினாள். அந்தப் பெண்ணும் கேட்கத்தான் செய்தாள். அவள் போன்தான் எடுத்துக்கொண்டது.

ஆடி மாதத்து ஒரு காலையில், பிரிண்டிங்கிலிருந்து வந்து தைத்து முடிந்த பண்டல்களை நாகஜோதியின் முன்னால் கொண்டுவந்து போட்டார்கள். சின்னச் சின்ன டீ சர்ட்டுகள். பச்சை, மஞ்சள், ஆகாய நீலம். அவள் முதல் பீஸை விரித்தாள். இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி. எதிரே ஒரு யானை, வாயைக் காதுவரை இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. படத்துக்குக் கீழே எழுத்து. நாகஜோதி எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டாமல் படித்தாள்.

'காட்டில் நான் தனியாக இருந்தேன். யானை வந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது. நாங்கள் நண்பர்கள் ஆனோம்.'

கழுத்து அட்டையைத் திருப்பினாள். 'என் காட்டு அனுபவம்: கீர்த்தனா ஆத்தப்பன்' என்று இருந்தது.

அட்டையைக் கையிலிருந்து விட்டாள். பிறகு வழக்கப்படி தோளை இழுத்துப் பார்த்தாள். தையல் சரி. கழுத்துப் பட்டி சரி. அளவு சரி. ஸ்டிக்கர் சுருளிலிருந்து ஒரு சிவப்பு அம்பை உரித்து, யானையின் வாய்க்கு நேராக ஒட்டி, கழித்த கூடையில் போட்டாள். அடுத்த பீஸை எடுத்தாள். அதிலும் யானை சிரித்தது. அதற்கும் ஒரு அம்பு. பக்கத்தில் இருந்தவர்கள் முதலில் விளையாட்டு என்று நினைத்தார்கள். டீ டைமுக்கு மணி அடித்தபோது தேறிய கூடை காலியாகக் கிடந்தது. கழித்த கூடை வழிந்து, அம்பு தைத்த யானைகள் தரையில் கிடந்தன.

செந்தில்வேல் டீ டம்ளரோடு வந்து நின்றார். இவ்வளவு கோபத்திலும் மரியாதை விட்டுப்போகாமல் பேச இந்தத் திருப்பூர்ச் சீமைக்காரர்களால்தான் முடியும்.

"ஏனுங்க்கா, ஒட்டுமொத்தமா ரிஜெக்ட்டுங்கிறீங்க. எங்கீங்க டேமேஜு?"

"வாயில."

"யாரு வாயிலீங்க?"

"யான வாயில. அது சிரிக்கல."

அவர் ஒரு டீ சர்ட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். யானை நன்றாகவே சிரித்துக்கொண்டிருந்தது. பிரிண்டு மாஸ்டர் பார்த்து ஓகே செய்தது என்றார்.

"அவரா அங்கன நின்னாரு? நாந்தேன் நின்னேன்."

தளத்தில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. திருப்பூரில் கரண்ட் போனால்தான் அப்படி நிற்கும். செந்தில்வேல் அம்பை உரிக்கச் சொல்லிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், வண்டி மத்தியானம் கிளம்ப வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார். நாகஜோதி அதற்குள் இன்னும் நாலைந்து யானைகளுக்கு அம்பு ஒட்டிவிட்டாள். அவர் வேறு வழியில்லாமல் மேல்மாடிக்குப் போன் போட்டார்.

கீர்த்தனா இறங்கி வந்தாள். கோபப்படவில்லை. அதுவே நாகஜோதிக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. என்ன வருத்தம் என்று அவள் கேட்டாள். பெயர் போடாததுதான் வருத்தமா, அடுத்த பண்டலில் போட்டுவிடலாம் என்றாள். நாகஜோதி பெயரைப் பற்றிப் பேசவே இல்லை. யானை சிரித்தது என்று யார் சொன்னது என்று மட்டும் கேட்டாள்.

"நீங்கதானுங்க்கா சொன்னீங்க" என்றாள் கீர்த்தனா. போனை எடுத்துத் தேடி, தட்டினாள்.

நாகஜோதியின் குரல் போனிலிருந்து வந்தது. சுற்றிலும் கத்தரிச் சத்தம், யாரோ இருமுவது, அதற்கு நடுவே அவள் குரல். அன்புசெல்வி அழுகிற சத்தமும் லேசாகக் கேட்டது. 'என்னையப் பாத்துச்சு ஆத்தா, பாத்துட்டு அப்பிடியே சிரிச்சிச்சு. பல்லு தெரிய சிரிச்சிச்சு.'

தளம் முழுக்கச் சிரித்தது. அவள் வாரக்கணக்கில் பேசாமல் ஒதுக்கியிருந்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். போன வாரம் கொம்பு, இந்த வாரம் பல்லா என்று அயர்ன் பக்கத்திலிருந்து ஒரு குரல். சாட்சி பலமாக இருந்தது, எதிராளி அவளே. எந்தக் கோர்ட்டாக இருந்தாலும் அந்த நிமிடமே கேஸைத் தள்ளியிருக்கும்.

அன்புசெல்விதான் சிரிக்கவில்லை. "அது எனக்குச் சொன்னதுக்கா" என்றாள் மெதுவாக, கீர்த்தனாவைப் பார்த்து.

"யாருக்குச் சொன்னா என்னங்க, கதை கதைதானுங்களே?" என்றாள் கீர்த்தனா. கேலியாகச் சொல்லவில்லை. முகாமில் சொல்லிக்கொடுத்தது அதுதான் போலும்.

நாகஜோதி கையிலிருந்த ஸ்டிக்கர் சுருளை மேஜைமேல் வைத்தாள். தன் வாயால் சொன்னதை இல்லையென்று சாதிக்கிற பெண் அல்ல அவள். சாதித்திருந்தால்கூடச் சரியாகப் போயிருக்கும். அழுகிற பிள்ளைக்கு ஒரு வாய் சோறு ஊட்டுவதுபோல ஒரு சிரிப்பைக் கொடுத்தேன், அதைத் தட்டோடு தூக்கிக்கொண்டு போய்ச் சந்தையில் விற்கிறாயே என்று கேட்க வேண்டும்போல இருந்தது. வார்த்தை அப்படித் திரளவில்லை. அவள் டீ சர்ட்டின் முதல் வரியில் விரலை வைத்தாள்.

"தனியா இருந்தேன்னு போட்ருக்க. எட்டு வயசுப் பிள்ள காட்டுல ஏன் தனியா இருந்துச்சுன்னு கேட்டியா பாப்பா?"

சந்தைக்குப் போயிருந்ததாகச் சொன்னீர்களே என்றாள் கீர்த்தனா.

"சந்தைக்கு ஒருத்தரும் போகல. எங்கய்யா இருந்தாரு, எங்காத்தா இருந்துச்சு, கைப்பிள்ளையா எந்தம்பி இருந்தான். சித்திர மாசத்து மழை. பட்டப்பகலு. சாளைக்குப் பின்னால வந்து செவத்த முட்டுச்சு. எங்கய்யா தம்பியத் தூக்கிட்டு ஓடுனாரு. எங்காத்தா அவரு பின்னாலயே ஓடுச்சு. வாசலத் தாண்டயில ஒருக்கா திரும்பி என்னையப் பாத்துச்சு. பாத்துட்டு ஓடிருச்சு."

அயர்ன் பக்கத்தில் கேலி பேசியவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

மிச்சத்தை அவள் யாரையும் பார்க்காமல் சொன்னாள். சுவர் சரிந்த இடத்தில் துதிக்கை உள்ளே வந்ததையும், அது சட்டி பானைகளைத் தடவியதையும், அவள் தலையிலிருந்து கால்வரை மோந்ததையும், அந்த மூச்சு சுடச்சுட இருந்ததையும். உப்பு மூட்டையை இழுத்து வெளியே போட்டுத் தின்றுவிட்டு, மழையோடு மழையாக அது போய்விட்டது. சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை, அதுக்கு உப்புதான் வேண்டியிருந்தது என்றாள். பொழுது சாய்கிறபோது அப்பா வீரணன் தீப்பந்தமும் நாலு ஆளுமாகத் திரும்பி வந்தார். அம்மா ராமுத்தாய் வந்ததும் அடுப்பைப் பற்றவைத்தாள். உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சினாள். அதைப் பற்றி அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. வீரணன் போய்ச் சேர்ந்துவிட்டார். ராமுத்தாய் இன்றைக்கும் வருசநாட்டில் இருக்கிறாள். பொங்கலுக்குப் பொங்கல் நாகஜோதி சீலை எடுத்துக்கொண்டு போகிறாள். திரும்பும்போது அம்மா பஸ் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டு பேரும் யானையைப் பேசுவதில்லை.

இத்தனை வருடமும் நாகஜோதி அந்த டேபிளில் செய்துகொண்டிருந்த வேலை இதுதான். யானைக்குக் கொம்பு வைத்தாள், எடுத்தாள், குட்டி கொடுத்தாள். எதை மாற்றினாலும் பெற்றவர்களை மட்டும் தவறாமல் சந்தைக்கு அனுப்பிவைத்தாள். ஓடியவர்களை ஓடாதவர்களாக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது. காட்டைப் பற்றி அவள் சொன்னது அத்தனையும் பொய் என்று சிரித்தவர்களுக்கு, அதில் எது பொய் என்று அதுவரை தெரிந்திருக்கவில்லை.

கீர்த்தனாவின் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது. அவள் நாகஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மறு கையின் கட்டைவிரல், அவளுக்கே தெரியாமல்கூட இருக்கலாம், போனைத் திறந்தது.

"அக்கா, இதுதானுங்க்கா நெசமான கதை. இன்னொரு தடவ சொல்றீங்களா, மொதல்ல இருந்து?"

நாகஜோதி கையை விடுவித்துக்கொண்டாள். டேபிளுக்கு அடியிலிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்தாள். செருப்பை மாட்டினாள். செந்தில்வேல் பின்னாலேயே ஓடி வந்து, ஷிப்ட் பாதியில் போகிறீர்களே, கீர்த்தனா பாப்பா ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லையே என்றார்.

"தப்பாக் கேட்ருந்தா நாலு வார்த்த வஞ்சிட்டு உள்ளயே இருந்துருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவள் கேட்டைத் தாண்டினாள்.

அவள் ஒட்டிய அம்புகளை அடுத்த டேபிள்காரர்கள் உட்கார்ந்து உரித்தார்கள். துணியில் பசை நிற்காமல் உரிந்து வருகிற மாதிரிதான் அந்த ஸ்டிக்கரையே செய்திருக்கிறார்கள். வண்டி மத்தியானத்துக்குப் பதில் சாயங்காலம் கிளம்பியது. யானைகள் சிரித்துக்கொண்டே போயின. அடுத்த பண்டலின் அட்டையில், கீர்த்தனாவின் பெயருக்குக் கீழே, 'நன்றி: நாகஜோதி அக்கா' என்று ஒரு வரி ஏறியிருப்பதாக அன்புசெல்வி போனில் சொன்னாள். நாகஜோதி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவளிடமே வள்ளென்று விழுந்தாள். பிறகு அவளையே கூப்பிட்டுச் சமாதானம் சொன்னாள். திருடிய வீட்டில் நன்றிக் கடிதம் வைத்துவிட்டுப் போகிறவர்களை எந்தச் சட்டத்தில் பிடிப்பது என்று இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

'ஆட்கள் தேவை' என்று போர்டு தொங்காத கம்பெனி கேட் திருப்பூரில் கிடையாது. செக்கிங்கில் கை தேர்ந்தவள் வேலையில்லாமல் இருக்க நினைத்தால்தான் சிரமம். அடுத்த திங்கட்கிழமையே நாகஜோதி வேறொரு தெருவில், வேறொரு டேபிளில் நின்றாள். அதே வெளிச்சம், அதே கத்தரி, வேறு வாய்கள்.

முதல் நாள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் எதிரே நின்ற ரங்காத்தாள் என்ற பெண் ஊர் எது என்று விசாரித்தாள். வருசநாடு என்றாள் நாகஜோதி.

"அங்கெல்லாம் பெரிய காடுங்களாமா. யானையெல்லாம் வருமுங்களா? நீங்க பாத்திருக்கீங்களா?"

நாகஜோதி கையிலிருந்த பீஸைத் திருப்பினாள். மேஜைமேல் கண்ணை ஓட்டினாள். துணி இருந்தது, டம்ளர் இருந்தது, போன் எதுவும் இல்லை. இருந்தாலும் என்ன.

"யானைய ஒருக்காவும் பாத்ததில்ல" என்றாள்.

ரங்காத்தாளுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. டேபிள் பழையபடி அமைதியானது. கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதியை நாகஜோதியால் தோசை வேகிற நேரம்கூடத் தாங்க முடியவில்லை.

"கரடி பாத்துருக்கேன்" என்றாள்.

கரடியை அவள் வாழ்நாளில் பார்த்ததே கிடையாது. வருசநாட்டில் பார்த்தவர்களையும் அவளுக்குத் தெரியாது. ரங்காத்தாள் கத்தரியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் நெருங்கி நின்றார்கள்.

"அது எங்கய்யாவுக்கு ரொம்பச் சிநேகிதம்" என்று நாகஜோதி ஆரம்பித்தாள். "சந்தைக்குப் போனா, ரெண்டு பேரும் சேந்துதேன் போவாக."